திரையின் ஓரம்

தேங்காய்ப்பட்டணம்
5 பிப்ரவரி 2025

அன்புள்ள யாசிர் காக்காவுக்கு,

தங்கச்சி ஷாஹினாஸ் ஸலாம் சொல்லி எழுதுவது. உம்மாவுக்கு முட்டுவலி வருவதும் போவதுமாக இருக்கிறது. மற்றபடி எல்லாரும் சுகம். உங்கள் வீட்டுக்காரி ஃபாஸிலா மைனி தையல் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

போனில் பேசாமல் மெயிலில் என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். ஒரு காரியம் உண்டு. எங்கள் கம்பெனி ஸ்கோப் உங்களுக்குத் தெரியும். மின்சாரம் துடிப்பதைக் கோடாக வரைந்து காட்டும் கருவி. சின்னப் பெட்டியைக் கம்ப்யூட்டரில் சொருகினால் திரையே ஸ்கோப் ஆகிவிடும். "ஆஸ்பத்திரியில நெஞ்சுக்கு எடுப்பாங்கல்லா, அது மாதிரி மிஷினுக்கு" என்று உம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பெட்டியில் குறை இல்லை. திரையில் வரும் சாப்ட்வேர்தான் ஆளைப் படுத்துகிறது என்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். அதை எளிதாக்கும் வேலையை முதலாளி ராஜமணி சார் என்னிடமும் ஆன்ஸ்லினிடமும் தந்திருக்கிறார்.

போன லீவில் தந்துவிட்ட பெட்டியை நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். எங்கே எரிச்சல் வருகிறது, எதைத் தேடுகிறீர்கள் என்று அப்படியே எழுதுங்கள். போனில் சொன்னால் பாதி மறந்துபோவேன். ஆபீஸில் எழுத்தில்தான் கேட்கிறார்கள்.

இன்னொன்று. குளச்சலிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் முஹம்மது ஷரீஃப். பேங்கில் வேலை. உம்மா இப்போதே சம்பந்தி வீட்டுப் பலகாரம் பற்றிப் பேசுகிறார். நீங்கள் சரி சொன்னால்தான் எனக்குச் சரி.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
ஷாஹி

---

சோஹார், ஓமன்
16 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி ஷாஹிக்கு,

காக்கா எழுதுவது. உங்கள் எல்லார் மேலும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். நான் சுகம். உம்மாவிடம் வெந்நீர் ஒத்தடத்தை விடவேண்டாம் என்று சொல்.

குளச்சல் சம்பந்தம் நல்ல இடம். எனக்குச் சந்தோஷம். நம் வீட்டைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லாதபடி நல்லபடி நடக்கட்டும்.

இனி உன் சாப்ட்வேர். ஓடுகிற அலையைத் திரையில் பிடித்து நிறுத்த ஒரு பொத்தான் உண்டே, டிரிகர், அதை யார் கொண்டுபோய் வலது மேல் மூலையில் வைத்தது? தேடித் தேடி மனுஷன் சாகணும். மவுஸின் அம்பு சின்னதாக இருக்கிறது, அடிக்கடி காணாமல் போகிறது. கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிற கோடு மங்கல். அளவு தாண்டினால் சிவப்பில் ஏதோ எழுத்து வருமாமே, சிஜின் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் நம் பக்கத்துக் கருங்கல் ஊர்க்காரன், என் ரூமில்தான் இருக்கிறான். நான் சரிபார்க்கும் எலக்ட்ரானிக் கார்டுகளைக் கிரேனில் மாட்டுவது அவன். "எண்ணே, அது உங்க மூக்குக்கு நேரா மின்னுது" என்று சிரிக்கிறான்.

எங்கள் ஒர்க்‌ஷாப் உனக்குத் தெரியாது. துறைமுகத்துக் கிரேன்களின் கார்டுகள் வரும் அறை இது. ஏ.சி. உண்டு, ஜன்னல் இல்லை. காலையில் நாங்கள் தங்கும் கேம்பின் பஸ் கொண்டுவந்து விடும், சாயங்காலம் அதே பஸ் அள்ளிக்கொண்டு போகும். இடையில் பார்ப்பதெல்லாம் உன் திரைதான். அதனால் திட்டுகிறேன், கோபிக்காதே.

அன்புடன்
காக்கா

---

தேங்காய்ப்பட்டணம்
12 மார்ச் 2025

அன்புள்ள காக்கா,

உங்கள் மேல் ஸலாம். நோன்பு நன்றாகப் போகிறதா? அந்த வெயிலில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இங்கே பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வருகிறது. நீங்கள் ஒரு சட்டிக் கஞ்சியைத் தனியாகக் காலி பண்ணிய கதையை உம்மா தினமும் சொல்கிறார்.

நீங்கள் எழுதியதை ராஜமணி சார் எல்லாரையும் கூட்டி வாசித்தார். "இப்படி ஒரு ஆள் போதும், நமக்கு வேற சர்வே வேண்டாம்" என்றார். டிரிகரை அலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டோம். அம்பு பெரிதாகி மஞ்சள் ஆகிவிட்டது. கட்டக்கோடு தெளிவாகிவிட்டது. சிவப்பு எழுத்து இனி நடுவில் வரும். புதிய பதிப்பை அனுப்பியிருக்கிறேன், போட்டுப் பாருங்கள்.

முஹர்ரம், சஃபர் மாதங்கள் கழிந்து ஆகஸ்ட் கடைசியில் நிக்காஹ் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாயிற்று. உங்களுக்கு லீவு கிடைக்குமா?

மைனி ஒரு குறை சொல்கிறார். வீடியோவில் பேசும்போது நீங்கள் போனைத் தூக்கித் தூக்கிப் பிடிக்கிறீர்களாம், முகமே சரியாகத் தெரிவதில்லையாம். "உங்க காக்காவுக்கு என்னைப் பாக்கவே பிடிக்கல போல" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிரிப்பாக இல்லை.

துஆவுடன்
ஷாஹி

---

சோஹார்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷாஹி,

பெருநாள் வாழ்த்து. தொழுதுவிட்டு வந்து சிஜின் செய்த பிரியாணியைத் தின்றோம். சர்ச்சில் கற்றுக்கொண்ட பிரியாணியாம், பரவாயில்லை. நான் சுகம். கேம்ப் படியில் கால் வழுக்கி முழங்காலில் கொஞ்சம் தோல் போயிற்று, வேறொன்றும் இல்லை.

புதிய பதிப்பு நன்றாக இருக்கிறது. என் வேலையின் வேகம் கூடியிருக்கிறது. ஃபோர்மேன் இரண்டு வாரமாக என் மேசைக்கு வரவில்லை. இன்னும் ஒன்று செய்தால் பெரிய உபகாரம். அலை பிடிபட்டதும் ஒரு சத்தம் வரணும். அளவு தாண்டினால் வேறு சத்தம். நான் அலையை மட்டும் பார்ப்பேன், மற்றதெல்லாம் காதுக்கு வந்துவிடும். முடியுமா?

லீவு பற்றி இப்போது கேட்க முடியாது. கேட்டால் கூடவே மெடிக்கல், அது இது என்று இழுப்பார்கள். பார்ப்போம். ஃபாஸிலாவிடம் இங்கே நெட் சரியில்லை என்று சொல்.

உனக்குத் தலைவலி எதுவும் உண்டா? கண்ணாடி போடுகிறாயா? நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்க்கிறவள், அதனால் கேட்டேன்.

காக்கா

---

தேங்காய்ப்பட்டணம்
28 ஏப்ரல் 2025

அன்புள்ள காக்கா,

ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் சுகமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நீங்கள் கேட்ட சத்தத்தையும் செய்து முடித்தோம். வெளியிடும் முன்பு வேறு ஆட்களையும் உட்கார்த்திப் பார்ப்போம் என்று ஆன்ஸ்லின் சொன்னாள். வடசேரியில் டி.வி., இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள் என்று வரவழைத்தோம். பழைய பதிப்பையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். பழைய திரை அவர்களையும் படுத்தியது. பெயர் புரியவில்லை, பொத்தான் அதிகம் என்றார்கள். ஆனால் மூலையில் இருப்பது தெரியவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அம்பை யாரும் தொலைக்கவில்லை. சிவப்பு எழுத்து வந்ததும் எல்லார் கண்ணும் அங்கே போயிற்று. சத்தம் எதற்கு என்று கேட்டார்கள்.

ஆன்ஸ்லின் உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உங்க அண்ணன் குழாய்க்குள்ள கூடி ஸ்கிரீனைப் பாக்காரா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

போன லீவில் திறந்து கிடந்த அலமாரிக் கதவில் நீங்கள் நெற்றியை இடித்தது ஞாபகம் வந்தது. அந்தி நேரத்தில் வெளியே வரமாட்டேன் என்றது. வாப்பா கடைசிக் காலத்தில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஆட்கள் மேல் மோதிக்கொண்டு நடந்தது. அப்போது வயசு என்று சொன்னோம்.

காக்கா, உங்கள் கண்ணுக்கு என்ன?

சத்தம் போட்ட பதிப்பு என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நீங்கள் பதில் எழுதிய பிறகு அனுப்புகிறேன்.

ஷாஹி

---

சோஹார்
3 மே 2025

ஷாஹிக்கு,

ஸலாம். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. குறை சொல்லச் சொன்னதும் நீதான், சொன்னபிறகு நோயாளி ஆக்குவதும் நீதான்.

கல்யாண வீட்டில் இப்படி ஒரு பேச்சை எடுக்காதே. உம்மா காதில் விழவேண்டாம், ஃபாஸிலா காதில் விழவேண்டாம், குளச்சலுக்குப் போகவே வேண்டாம். இங்கே கார்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஃபோர்மேன் மறுபடி என் பின்னால் வந்து நிற்கத் தொடங்கிவிட்டான். உன்னால் எனக்கு ஒரு உதவி முடியும் என்றால் அதை அனுப்பு. முடியாது என்றால் அதையும் சொல்லிவிடு.

யாசிர்

---

தேங்காய்ப்பட்டணம்
6 மே 2025

காக்காவுக்கு,

ஸலாம். அனுப்பிவிட்டேன். ராஜமணி சாரிடம் கேட்கவில்லை. சத்தம் வேண்டாமென்று ஆபீஸில் முடிவானதால், இது உங்களுக்கென்று தனியாகச் செய்த பதிப்பு, வேறு யாரிடமும் கிடையாது.

உங்களுக்கு உதவி செய்கிறேனா, நீங்கள் வெளியே வரமுடியாதபடி கதவுக்கு இன்னொரு பூட்டுச் செய்து கொடுக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு டாக்டரைப் பாருங்கள். உம்மாவிடம் சொல்லவில்லை. மைனியிடமும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன்.

இதற்காவது பதில் எழுதுங்கள்.

ஷாஹி

---

சோஹார்
9 ஜூலை 2025

மதிப்புக்குரிய சகோதரி ஷாஹினாஸ் அவர்களுக்கு,

கருங்கல் சிஜின் எழுதுகிறேன். கர்த்தருடைய தயவால் உயிரோடு இருக்கிறேன். சும்மா சொல்லும் வார்த்தை என்று நினைக்கவேண்டாம். உங்கள் வீட்டில் எல்லாரும் நலமென்று நம்புகிறேன். உங்கள் மெயில் முகவரியை அந்த சாப்ட்வேரிலேயே பார்த்து எடுத்தேன்.

எடை கூடினால் கிரேனை நிறுத்தச் சொல்லும் கார்டு ஒன்று இருக்கிறது. யாசிர் அண்ணன் அதைச் சரிபார்த்து "ஓகே" சொன்னார். நான் கையெழுத்துப் போட்டு மாட்டினேன். மறுநாள் எடை கூடியது, கிரேன் நிற்கவில்லை. கட்டியிருந்த கயிறு அறுந்து இரும்புக் கட்டு முழுவதும் கீழே வந்தது. நான் அதன் அடியிலிருந்து அப்போதுதான் விலகியிருந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றுவரை என் காதில் அந்தச் சத்தம் இருக்கிறது.

விசாரணையில் தெரிந்தது இதுதான். கார்டின் சிக்னல் இருக்கவேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் இருந்திருக்கிறது. ஸ்கோப்பில் வயரைத் தொட்டுப் பார்க்கும் புரோப்பில் ஒன்று, பத்து என்று இரண்டு நிலை உள்ள ஒரு சின்ன சுவிட்ச் உண்டல்லவா, பத்தில் வைத்தால் வருவதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து அனுப்பும், அது அன்று ஒன்று என்ற நிலையில் இருந்தது. சாப்ட்வேர் அதைப் பத்து என்று எடுத்துக்கொண்டு, இருப்பதைப் பத்து மடங்காகக் காட்டியிருக்கிறது. அந்தப் "பத்து" திரையில் இடது கீழ் மூலையில் எழுதியிருந்ததாம். அண்ணன் அளந்த அன்றைக்குக் காலையில் புரோப்பை நானும் எடுத்தேன். அதனால் சுவிட்சைத் தள்ளியது நான், அண்ணனிடம் சொல்லாததும் நான் என்று என்னைப் பிடித்திருக்கிறார்கள். ஊருக்கு அனுப்பப் போகிறார்களாம், மறுபடி இந்த நாட்டுக்கு வரமுடியாதபடி.

நான் தள்ளியிருக்கலாம், ஞாபகமில்லை. ஆனால் மூலையில் இருக்கிற எழுத்தைப் பார்க்கவேண்டியது அளக்கிறவர்தானே? அண்ணனிடம் கேட்டேன். "ஒண்ணும் கேக்காத மக்கா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அதன்பிறகு பேச்சே இல்லை.

எனக்கு ஒரு உதவி வேண்டும். அந்த எழுத்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறதா, தெரியாத இடத்தில் இருக்கிறதா என்று சாப்ட்வேர் செய்தவர்கள் எழுதிக்கொடுத்தால் விசாரணையில் எடுத்துக்கொள்வார்கள். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

இப்படிக்கு
சிஜின்

---

தேங்காய்ப்பட்டணம்
13 ஜூலை 2025

காக்காவுக்கு,

ஸலாம். சிஜின் எனக்கு எழுதியிருக்கிறார். என்ன கேட்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நான் என்ன எழுதிக்கொடுப்பது? தெரியாத இடம் என்று எழுதினால் அது பொய். நாங்கள் உட்கார்த்திப் பார்த்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள், சொல்லாமலே திருத்தினார்கள். தெரிகிற இடம் என்று எழுதினால், அளந்தவருக்கு ஏன் தெரியவில்லை என்று அடுத்த நிமிஷம் கேட்பார்கள்.

நீங்கள் குறை சொன்ன எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். இந்தப் பத்தை மட்டும் விட்டுவிட்டேன். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிகிறது. அப்படி ஒன்று அங்கே இருப்பதே உங்கள் கண்ணில் பட்டதில்லை. படாததைப் பற்றி எப்படிக் குறை சொல்வீர்கள்? இத்தனை மாதமாக இதே வேலையைச் செய்கிற எனக்கு அது தோன்றவில்லை. அந்தக் கட்டு கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் சிஜின் வீட்டாருக்கு நான் என்ன எழுதியிருப்பேன்?

வெள்ளிக்கிழமை வரை பொறுப்பேன். நீங்கள் சொல்லாவிட்டால் தெரிகிற இடம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்குக் கை வராது என்று நினைக்காதீர்கள். எழுதி முடித்துவிட்டேன். அழுதுகொண்டே எழுதினேன், அவ்வளவுதான்.

உங்கள்
ஷாஹி

---

சோஹார்
20 ஜூலை 2025

என் ஷாஹிக்கு,

அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும். வியாழக்கிழமையே போய்ச் சொல்லிவிட்டேன். ஃபோர்மேன் நம்பவில்லை. என்னை நேரே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் கையை நீட்டி விரலை ஆட்டினான். "எத்தனை விரல்?" என்றான். "கை எங்க இருக்கு?" என்று நான் கேட்டேன். அவன் கையை இறக்கினான். சிஜினை விட்டுவிட்டார்கள்.

போன வருஷமே எனக்குத் தெரியும். டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். கண்ணுக்குள் பிரஷர் கூடி நரம்பு கருகுகிறதாம், கிளகோமா. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அணைந்துகொண்டு வரும். போனது திரும்பாது, கண்ணில் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காக்கலாம். கொஞ்ச நாள் விட்டேன். பாட்டிலைக் கேம்பில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நிறுத்திவிட்டேன்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இது குடும்பத்தில் ஓடும், கூடப்பிறந்தவர்களை உடனே காட்டச் சொல்லுங்கள் என்றார். நான் உன்னிடம் சொல்லவில்லை. உனக்குச் சம்பந்தம் பார்க்கிற நேரம். வாப்பாவுக்கு இருந்தது, மகனுக்கு இருக்கிறது என்று தெரிந்தால் யார் வருவார்கள்? நிக்காஹ் முடியட்டும், பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். உன் நன்மைக்கு என்று நினைத்துக்கொண்டு உன் கண்ணோடு விளையாடியிருக்கிறேன். இதை வாசித்ததும் எழுந்து போ. நாளைக்கு என்று வைக்காதே.

விசாரணை முடியும்வரை என்னை ஊருக்கு விடமாட்டார்களாம். என் பாஸ்போர்ட்டைக் கம்பெனி ஆபீஸில் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் என்னை உள்ளே விடுவதில்லை. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பஸ் போனபிறகு கேம்பில் நான் ஒருத்தன் மட்டும். ஃபாஸிலாவிடம் நானே பேசிவிட்டேன்.

காக்கா

---

தேங்காய்ப்பட்டணம்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள காக்கா,

உங்கள் மேல் ஸலாமும் அல்லாஹ்வின் ரஹ்மத்தும். உம்மா சுகம். மைனிதான் என்னை நாகர்கோவில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியை மட்டும் பார்க்கணும், எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையிலிருக்கிற பொத்தானை அழுத்தணும். நாங்கள் ஆட்களை உட்கார்த்திச் சோதித்தது போலவே இருந்தது. எனக்குச் சோதனை என்றால் சுலபம் என்று நினைத்தேன். பொத்தானைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன், வெகுநேரமாக ஒன்றும் மின்னவில்லை. மிஷின் நின்றுவிட்டதா என்று கேட்டேன். "இல்லம்மா, ஓடிட்டுதான் இருக்கு" என்றார்கள்.

வலது கண்ணில் மூக்குப் பக்கம் கொஞ்சம் போயிருக்கிறது. இடது கண் தப்பித்தது. வேளை தவறாமல் மருந்து விட்டால் இதோடு நிறுத்தலாம் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். உங்கள் மேல் கோபம் உண்டு. அதை மறைக்கமாட்டேன். ஆனால் நீங்கள் மூலையைப் பற்றித் திட்டி எழுதாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது.

குளச்சலுக்கு நானே போன் செய்தேன். ஷரீஃபிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் அவர் உம்மா கூப்பிட்டு, "கொஞ்சம் தள்ளி வைப்போம் மோளே" என்றார். தள்ளி வைப்பது என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்கவேண்டாம். உம்மா அழுதார். நான் ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

உங்களுக்குத் தனியாக அனுப்பிய பதிப்பைப் பற்றி ராஜமணி சாரிடம் சொல்லிவிட்டேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர், "அந்தப் பத்தை அலைக்குப் பக்கத்துல கொண்டு வா. ஆள் அதைப் பாத்து ஒத்துக்காம அளவைக் காட்டாதே" என்றார். இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

எனக்குக் காலையிலும் ராத்திரியிலும் உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லி மருந்து விடுகிறார். பாதி கன்னத்தில் போகிறது. நீங்கள் மறுபடி மருந்து தொடங்கினீர்களா? அங்கே உங்களுக்கு யார் விட்டுத் தருவார்கள்? கேம்பில் ஒருத்தனாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

ஷாஹி

---

சோஹார்
24 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். உன் இடது கண் தப்பித்தது என்று வாசித்ததும் தொழுதேன். குளச்சலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தகுதி இல்லாதவன்.

விசாரணை முடியவில்லை. அடுத்த வாரம் என்கிறார்கள், ஒவ்வொரு வாரமும் அதையே சொல்கிறார்கள். பாஸ்போர்ட் இன்னும் அவர்கள் பூட்டுக்குள்தான். பகலில் கேம்ப் முற்றத்தில் சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பேன். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

மருந்து தொடங்கிவிட்டேன். நானே விட்டால் கண்ணில் விழுவதில்லை. பாட்டிலை எங்கே பிடிக்கிறேன் என்றே தெரியாது. முதல் நாள் முழுச் சொட்டும் தலையணையில் போயிற்று. சிஜின் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேட்டதற்கு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த நாளிலிருந்து அவன் என்னோடு பேசியதே இல்லை. எழுந்து வந்து என் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினான்.

இப்போது தினமும் பஸ்ஸுக்குப் போகும் முன்பும், ராத்திரி சாப்பிட்ட பிறகும் அவன்தான் விடுகிறான். வேறு பேச்சு இன்னும் கிடையாது. தலை அசையாதபடி என் நெற்றியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அனங்காம இரியும் எண்ணே" என்று அதை மட்டும் சொல்கிறான்.

நான் அனங்காமல் இருக்கிறேன்.

காக்கா